பின்னட்டை நம்பரும் எட்டாம் நம்பர் லயமும்

புத்தகம் செய்து கொடுக்கிற தொழிலில், புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, பேக்கரிக்குப் பக்கத்துப் படிக்கட்டில் ஏறி வந்தால் என் கடை. கீழே பலகையில் ‘கொமினிகேஷன்’ என்று எழுதியிருக்கும். போட்டோகொப்பி, லெமினேட்டிங், ரீலோட், ஐடென்டிகாட்டுக்குப் படம் எடுப்பது, இதெல்லாம் சோறு போடுகிற வேலை. தமிழில் டைப் பண்ணி, பக்கம் கட்டி, பின்னறையில் உள்ள சின்ன மெஷினில் அடித்துப் புத்தகமாக்கிக் கொடுப்பது வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற வேலை. மெஷினும் பைண்டிங்கும் சுனிலின் பொறுப்பு. சிங்களப் பையன், அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் எங்கள் கடையில் நிம்மதியாக இருக்கிற ஒரே ஆள் அவன்தான்.

சொந்தக் காசில் புத்தகம் போட்ட புண்ணியவான்களே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. பின்னட்டையில் கோடு கோடாக ஒரு பெட்டி இருக்குமே, அதற்கு மேலே நீளமாக ஒரு நம்பர். ஐ.எஸ்.பி.என். என்பார்கள். அது கொழும்பிலிருந்து வர வேண்டும். அது இல்லாவிட்டால் நூலகம் வாங்காது, போட்டிக்குச் சேர்க்க மாட்டார்கள், பெரிய புத்தகக் கடைக்காரன் கையால் தொட மாட்டான். அதற்குக் கட்டுகிற கட்டணத்தைக் கேட்டு என் கடையில் இதுவரை யாரும் மயங்கி விழுந்ததில்லை. அதற்காக அலைகிற பஸ் காசு, அலைகிற நாளில் போகிற சம்பளம், ஒரு இடம் பிழையாகப் போனால் மறுபடி அதே அலைச்சல், நடுவில் “நான் எடுத்துத் தாறேன்” என்று வருகிறவனின் கமிஷன், இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறபோதுதான் தலை சுற்றும். அப்படித் தலை சுற்றி என் கடை பெஞ்சில் உட்கார்ந்தவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் பின்னட்டை

கொட்டகலைப் பக்கத்திலிருந்து ஒரு சேர் வந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். பதவி உயர்வுக்கு இன்டர்வியூ வருகிறதாம், நூல் வெளியிட்டிருந்தால் புள்ளி உண்டாம். கீழே பேக்கரிக்குச் சொல்லித் தனக்கு மட்டும் ஒரு பிளேன்டீ வரவழைத்துக்கொண்டு, “நம்பர் ஒண்ணு எடுக்கணும் மிஸ்” என்றார். நல்லது, விண்ணப்பத்தை எடுத்தேன். புத்தகத்தின் தலைப்பு என்ன சேர் என்றேன். நீங்களே நல்லதா ஒன்று போடுங்க என்றார். எத்தனை பக்கம் என்றேன். சாதாரணமாக எத்தனை பக்கம் போடுவாங்க என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எழுதினதைக் காட்டுங்க சேர், நானே பார்த்து நிரப்புகிறேன் என்றேன். விரலால் நெற்றியைத் தட்டிக் காட்டினார். எல்லாம் உள்ளே இருக்கிறதாம். அதை வெளியே எடுக்க அவருக்கு நேரம்தான் இல்லையாம். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய பிளேன்டீயை நானே குடித்திருப்பேன். புத்தகமே இல்லாமல் நம்பரை எங்கே ஒட்டுவது என்று கேட்டேன். அவர் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“மிஸ், இன்டர்வியூ போர்டுல புத்தகத்தத் தொறந்து பாக்க யாருக்கு நேரம் இருக்கு? திருப்பிப் பின்னட்டையத்தான் பாப்பாங்க. மொதல்ல அத அடிச்சுத் தாங்க, உள்ளுக்குள்ள பொறகு பாத்துக்குவோம்.”

கமலாதேவி இல்லை

செல்வராணி அப்படி இல்லை. அவள் வந்தபோது புத்தகம் முழுசாக இருந்தது, நம்பரைப் பற்றித்தான் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். மழையில் நனைந்து வந்து, படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றி விட்டு, மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற பொலித்தீனை அவிழ்த்தாள். உள்ளே நாலைந்து சீஆர் கொப்பி, ஒரு சொட்டு ஈரமில்லை. ஆள் தலையிலிருந்து கால் வரைக்கும் தொப்பல். கல்யாணத்துக்கு முன்னாலேயே சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவள், அந்த வீட்டுக் குசினியில் நடந்ததையெல்லாம் எழுதியிருந்தாள். டைப் பண்ணுகிறபோது இரண்டு இடத்தில் எனக்குக் கண் கலங்கியது, ஒரு இடத்தில் வாய் விட்டுச் சிரித்தேன். என் கடைக்கு வருகிற புத்தகங்களில் எனக்கு இது ரெண்டும் நடப்பதில்லை.

சீட்டுக் காசு எடுத்து அச்சுக் கூலியை முன்னாலேயே கட்டிவிட்டாள். சுனில் உள்பக்கங்களை அடித்து அடுக்கியும் வைத்துவிட்டான். முதல் தாளும் அட்டையும் மட்டும் பாக்கி, அதில்தான் நம்பர் வர வேண்டும். ஹட்டன் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அட்டை கட்டாத தாள் இங்கே ஒரு மாதம் கிடந்தால் ஈரம் குடித்து ஊதிவிடும், இன்னும் கொஞ்ச நாள் போனால் பூசணம் பூத்துவிடும். அப்புறம் அவளுடைய சீட்டுக் காசைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும். அதனால் சீக்கிரம் நம்பர் எடுக்க வேண்டும் என்று நான் படபடவென்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் வேறு ஒன்றைக் கேட்டாள். முதல் தாளில் அவள் பேர் எத்தனை இடத்தில் வரும் என்று. எழுதியவர், உரிமை, வெளியிடுபவர், மூன்று இடத்தில் வரலாம் என்றேன். மூன்றிலும் செல்வராணி என்றே போடச் சொன்னாள். அவள் சவூதிக்குப் போகிறபோது வயது பற்றாமல் இருந்ததாம். ஏஜென்சிக்காரன் வேறு யாரோ ஒருத்தியின் பேரில் பாஸ்போட் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

“அங்க இருந்த காலம் பூரா கமலாதேவின்னுதான் கூப்பிட்டாங்க, நானும் திரும்பிப் பாத்தேன் அக்கா. சம்பளத்தக்கூடக் கமலாதேவின்னு கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குனேன். இது ஒண்ணாவது செல்வராணி பேர்ல வரட்டும்.”

ஆளுக்கு ஒரு நம்பர்

உள்பக்கங்கள் அச்சுக்குப் போவதற்கு முன்னால், செல்வராணி புரூப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு திருத்துவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அக்கரப்பத்தனையிலிருந்து ரிட்டயர் ஆன கங்காணி ஒருவர் கோட்டும் தலைப்பாகையுமாகச் சண்டைக்கு வந்தார். அவர் முன்னொரு தடவை தேர்த் திருவிழாவுக்குக் கும்மிப் பாட்டுப் புத்தகம் போட்டார், அதற்கு நம்பர் எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்தப் புத்தகம் நன்றாக ஓடியதும் மனுஷனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆடு வளர்ப்பது எப்படி என்று இன்னொரு புத்தகம் எழுதி, வேறு எங்கேயோ அச்சடித்து, நம்பருக்கு ஏன் மறுபடி செலவழிப்பான் என்று கும்மிப் புத்தகத்தின் நம்பரையே அதற்கும் போட்டுவிட்டார்.

ஒரு வாசிகசாலையில் ஆட்டுப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்த பிள்ளை நம்பரைக் கொம்பியூட்டரில் தட்டினால் கும்மி என்று வந்திருக்கிறது. உள்ளே பார்த்தால் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுக்கிற படம். பிள்ளை குழம்பிப் போய்ப் புத்தகத்தைச் சாமிப் பாட்டு இருக்கிற ராக்கையில் வைத்துவிட்டது. என் புத்தகத்தை யாரும் எடுக்கிறார்கள் இல்லை, நீ குடுத்த நம்பர் பழுது என்று என்னிடம் சத்தம் போட்டார். ஒரு புத்தகத்துக்கு ஒரு நம்பர் கங்காணி, அடுத்த புத்தகத்துக்கு வேற நம்பர் எடுக்கணும் என்று நானும் தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தேன். செல்வராணி கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். கங்காணி கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

“என்ன புள்ள கத சொல்ற? எங்க தோட்டத்துல பேர் பதியிற செக்ரோல்ல ஆளுக்கு ஒரு நம்பர்தான். கொழுந்து எடுத்தாலும் அதே நம்பர், கவ்வாத்து வெட்டுனாலும் அதே நம்பர். வேலைக்கு வேல நம்பர மாத்துனா சம்பளம் யாருக்குப் போறது?”

கூட்டினால் எட்டு

தலவாக்கலையில் ஹார்ட்வெயார் வைத்திருக்கிற ஒரு முதலாளி தன் வாழ்க்கை வரலாற்றை அச்சுக்குக் கொடுத்தார். நம்பர் வந்ததும் போன் பண்ணிச் சந்தோஷமாகச் சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகச் சொல்லு தங்கச்சி என்று எழுதிக்கொண்டு, கூட்டிப் பார்த்து, “ஐயையோ எட்டு வருதே” என்று போனிலேயே கத்தினார். சாத்திரி அவருக்கு எட்டு ஆகாது என்று சொல்லியிருக்கிறாராம். லொறிக்கெல்லாம் பார்த்துப் பார்த்து நம்பர் எடுத்தவராம். கடைசி எண்ணை மட்டும் மாத்திப் போடேன் என்றார். முதலாளி, அந்தக் கடைசி எண் முன்னால் இருக்கிற எண்களை வைத்துக் கணக்குப் பண்ணி வருவது, மாத்தினால் மெஷின் வாசிக்காது என்றேன். மெஷின் வாசிக்காட்டிப் போகட்டும், எனக்கு ஆகணுமே என்றார்.

கேட்டால் கேட்ட நம்பர் தர அது என்ன லொத்தர் டிக்கெட்டா? மனுஷன் விடவில்லை. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், கொழும்புக்கு டிரைவரோடு வான். தலைப்பை மாற்றி, அளவை மாற்றி, மூன்றாவது நம்பரில்தான் அவருக்குப் பிடித்த ஐந்து வந்தது. இரண்டு நம்பர் சும்மா கிடந்தது. இங்கே ஒருத்தி ஒரு நம்பருக்காகத் தாள் ஊதுகிறதே என்று துடித்துக்கொண்டிருக்கிறாள், அங்கே இரண்டு நம்பர் வீணாகப் போகிறது. முதலாளி புத்தகக் கட்டை எடுக்க வந்த அன்றைக்குச் செல்வராணியும் பெஞ்சில் இருந்தாள். விஷயம் தெரிந்ததும் தாராள மனசோடு அவள் பக்கம் திரும்பினார். அந்த நம்பர்கள் அவர் கடைப் பேரில் பதிந்தவை, அதைப் போட்டால் செல்வராணியின் புத்தகத்தை வெளியிட்டது ஹார்ட்வெயார் என்றுதான் பதிவில் இருக்கும் என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன். அவர் கையை வீசி என்னை அடக்கிவிட்டார்.

“ரெண்டையும் சும்மாவே தாறேன், எடுத்துக்க தங்கச்சி. எட்டு எனக்குத்தானே ஆகாது? ஹார்ட்வெயார் பேர் வந்தா ஒனக்கு என்ன நட்டம், அது நல்லா ஓடுற கட!”

மாமா நூலான கதை

நுவரெலியாவில் கந்தோரில் பெரிய ஆபீஸர் வேலையில் இருக்கிற ஐயா ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மாமனார் ஊரில் காலமாகிவிட்டார். முப்பத்தொராம் நாளில் வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டும். தேவாரம், வம்சாவளி, மாமனாரின் படம், நன்றி நவிலல், எல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் ஐயாவுக்கு அதற்கும் ஐ.எஸ்.பி.என். வேண்டுமாம். சும்மா கொடுக்கிற மலருக்கு நம்பர் எதற்கு ஐயா, வீண் செலவு, அதுவும் முப்பத்தொராம் நாளுக்குள் வருமோ தெரியாது என்றேன். மாமா நிறைய வாசிக்கிறவரா என்று மரியாதைக்குக் கேட்டதுதான் நான் செய்த மடத்தனம்.

“இஞ்ச பார் பிள்ளை, மாமா சீவிச்சிருக்கேக்க ஒரு புத்தகமும் வாசிக்கேல்லத்தான். அதுக்காக அவர் ஒரு புத்தகமாய் வரக்கூடாதெண்டு எங்கையும் சட்டம் இருக்கோ?”

துரை வெளியிட்ட புத்தகம்

இத்தனை கூத்துக்கும் நடுவில் செல்வராணி எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் பண்ணியிருந்தாள். நான் கொடுத்திருந்த விண்ணப்பத்தை நிரப்ப என் கடைக்கு இன்னொரு தடவை வந்தால் பஸ் காசு, வேலை நாள் என்றால் ஒரு நாள் சம்பளமும் போகும். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று வீட்டிலேயே அழகாக நிரப்பி, தோட்டத்துச் சின்னத் தபால் கந்தோரில் போட்டுவிட்டாள். நிரப்பினதில் ஒரு பிழை இல்லை, ஒரே ஒரு இடம் தவிர. வெளியிடுபவர் பெயரும் முகவரியும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், தோட்டத்து மேனேஜரைக் குறிக்கிற “துரை அவர்கள்” என்று போட்டுத் தோட்டத்தின் பேரை எழுதிவிட்டாள்.

சிரிக்காதீங்க. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேற என்ன முகவரி இருக்கிறது? நானும் லயத்தில் பிறந்தவள்தான். பள்ளிக்கூடத்துக்கும், கிளினிக் காட்டுக்கும், ஐடென்டிகாட்டுக்கும், வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதத்துக்கும் எங்களுக்கு ஒரே முகவரிதான்: துரை அவர்கள், இன்ன தோட்டம். தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை. எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குப் போய், அங்கே மனசு வைத்தால் நம் கைக்கு வரும். ஒரு கட்டத்தில் முகவரி கேட்டால் அவள் கை தானாக அதைத்தான் எழுதும்.

கொழும்பில் உள்ளவர்கள் எழுதினபடி ஒழுங்காக நம்பர் கொடுத்துவிட்டார்கள். வெளியீட்டாளர் துரை! கடிதம் துரை பேருக்கே வந்ததால் ஆபீஸ் பெரிய கிளாக்கர் உடைத்துப் பார்த்து வேர்த்து விறுவிறுத்துப் போனார். துரை பேரில் புத்தகம் போட ஹெட் ஆபீஸ் பெர்மிஷன் வேண்டுமே! அதுவும் அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயமே, லயத்துக் கூரை ஒழுகியதும், எத்தனை தடவை ஆபீஸில் சொல்லியும் தகரம் மாற்றாததும், அந்தத் தகரத்துக்குக் காசு தேடித்தான் அவள் சவூதிக்குப் போனதும். செல்வராணியை மலையிலிருந்து கூப்பிட்டார்கள். கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தாளாம். துரை சின்ன வயசுக்காரர், தமிழும் அவருக்கு அவ்வளவுக்கு வராது. கிளாக்கர் படபடப்போடு எல்லாவற்றையும் சிங்களத்தில் விளக்கி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, செல்வராணியைப் பார்த்து, சிங்களத்தில் ஒரு ‘சரி’ போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டிருக்கிறார்.

“ஹரி, நான்தானே பப்ளிஷர்? அப்ப எனக்கு எத்தன கொப்பி குடுக்கும்?”

கோழிக்குஞ்சு வைத்தியம்

கொழும்புக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. வெளியிடுபவர் மாறினால் புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் செல்வராணிக்கு மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. அடை மழை வேறு. உள்பக்கத் தாள்களின் ஓரம் அலை அலையாக எழும்ப ஆரம்பித்துவிட்டது. சுனில் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்புறம் யாரையும் கேட்காமல் அடுக்கு இருந்த மேசைக்குக் கீழே பல்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, சுற்றிலும் சாக்கு போட்டு மூடினான். கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டுகிற மாதிரி இராப்பகலாக அது எரிந்தது. கரண்ட் பில்லை நினைத்து எனக்குப் பகீர் என்றது, ஆனால் அணைக்கச் சொல்ல வாய் வரவில்லை. காலையும் மாலையும் சுனில் சாக்கைத் தூக்கித் தாளைத் தொட்டுப் பார்ப்பான்.

“அக்கே, இந்தப் புத்தகத்துக்கு நம்பர் வாறதுக்கு முந்தி இதில குஞ்சு பொரிச்சிரும்.”

எல்லாம் சேர்த்து ஒரே பக்கேஜ்

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் ஒரு பதிப்பகக்காரர். கொழும்பில் பதிப்பகம் வைத்திருக்கிறாராம். மலையகத்தில் எந்தப் புத்தக வெளியீடு நடந்தாலும் முன் வரிசையில் பொன்னாடையோடு இருப்பார். யாருடைய பொன்னாடை என்று யாரும் கேட்பதில்லை. நம்பர்களை மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு எழுத்தாளர்களுக்கு ஒன்றொன்றாக விற்பதுதான் அவருடைய இலக்கியச் சேவை. நம்பர், பார்கோட், மண்டபம், மேடையில் ஒரு பட்டம், ஒரு நினைவுச் சின்னம், எல்லாம் சேர்த்து ஒரே பக்கேஜ். அவர் கேட்ட காசில் செல்வராணி இன்னொரு புத்தகமே போடலாம். மீதியைத் தவணையில் கட்டலாம் என்று இரக்கமும் காட்டினார்.

செல்வராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவரிடம் வாங்கினால் நாளைக்கே அட்டை அடிக்கலாமா என்று கேட்டாள். அடிக்கலாம் என்றேன். பொய் சொல்ல முடியாதே. சீட்டுக்காரியிடம் மறுபடி கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அவள் திரும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்று, வெளியிட்டது என்கிற இடத்தில் யாருடைய பேர் வரும் என்று கேட்டாள். எங்கள் பதிப்பகம் பேர்தான் வரும், பதிவிலும் அப்படித்தான் இருக்கும், அதெல்லாம் சின்ன விஷயம்மா, உங்களுக்குக் காரியம்தானே முக்கியம், பேரில் என்ன இருக்கிறது என்று அவர் சிரித்தார். செல்வராணியும் சிரித்தாள். பெஞ்சில் இருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எனக்குப் பாஸ்போட் எடுத்துக் குடுத்தவரும் இதேதாங்க சார் சொன்னாரு. சிரிச்சதும் இப்படியேதாங்க.”

பெரட்டில் கூப்பிட்ட பேர்

இரண்டாவது விண்ணப்பத்தை என் மேசையில் வைத்து இருவரும் சேர்ந்து நிரப்பினோம். வெளியிடுபவர்: செல்வராணி வெளியீடு. முகவரிக்கு என் கடை முகவரியைப் போடு, கடிதம் பத்திரமாக வரும் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். எட்டாம் நம்பர் லயம், கீழ்ப்பிரிவு என்று அவளே எழுதினாள், துரை பேரை எழுதவில்லை. அடியே, அப்படிப் போட்டாலும் அது ஆபீஸுக்குத்தான் போகும், அங்கே கிடந்து சாகும் என்று திட்டினேன். போகட்டும் அக்கா, யார் பேரில் போகுது என்று அவங்களும் பார்க்கட்டும் என்றாள். நான் உறையை எடுத்து ஒட்டினேன்.

அப்புறம் நடந்ததை எனக்குச் சொன்னவர் அந்தத் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து விடுகிறவர். மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழை லெமினேட் பண்ண வந்த இடத்தில், சிரித்துச் சிரித்துச் சொன்னார். கடிதம் ஆபீஸுக்கு வந்திருக்கிறது. முன்னொரு தடவை சூடு கண்ட பெரிய கிளாக்கர் இந்த முறை உறையைத் தொடவே பயந்து, பெரட்டில் கூப்பிட்டுக் கொடுத்து விடுங்க என்று கண்டாக்கு ஐயாவிடம் தள்ளிவிட்டார். தோட்டத்தில் மூன்று செல்வராணி இருக்கிறார்களாம். யாருக்கு என்று தெரியாமல் இவர் உறையில் உள்ளபடியே “செல்வராணி வெளியீடு!” என்று கூப்பிட்டிருக்கிறார். களமே கொல்லென்று சிரித்திருக்கிறது. அது என்னங்க புது ஆளா, எந்த லயம் என்று யாரோ கேட்டார்களாம்.

எங்கள் செல்வராணி கூடையோடு முன்னுக்கு வந்தாளாம். நான்தாங்க அது என்றாளாம். இந்தத் தோட்டத்துல கம்பெனி வச்சிருக்கிறது நீயா, அப்ப இனி வேலைக்கு வர மாட்டியா என்று இவர் கேலி பண்ணியிருக்கிறார். காலையில பெரட்டுக்கு வருவேங்க, அந்திக்குத்தான் கம்பெனி என்று அவளும் விடவில்லை. எல்லாம் சரி, நீட்டிய கடிதத்தை மட்டும் அவள் வாங்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். பெரட்டில் ஒரு பேரை ஒரு தரம்தான் கூப்பிடுவது வழக்கம், ரெண்டாம் தரம் யாருக்கும் கூப்பிட்டதில்லை, அன்றைக்கு மட்டும் கூப்பிட்டேன் மிஸ் என்றார் கண்டாக்கு ஐயா. ஏன் கூப்பிட்டீங்க என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

“பேரு சரிதாங்க ஐயா. பின்னுக்கு நிக்கிறவங்களுக்குக் கேக்கல, இன்னொருக்கா சத்தமா சொல்லுங்க.”

ஆகவே, சொந்தக் காசில் புத்தகம் போட வருகிற என் இனத்தவர்களே, நம்பர் என்ன விலை என்று இனி என்னைக் கேட்டால் ஒரே பதில்தான்: நம்பர் மலிவு, அதற்குப் பக்கத்தில் சொந்தப் பேரைப் போட்டுக்கொள்வதற்குத்தான் செலவு கொஞ்சம் கூடுதல்.